எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

மார்த்தாண்டம் சந்தைக்குப் பக்கத்தில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து தந்தார். ஐன்ஸ்டைனின் சார்பியல் ஏன் தவறு என்று நாற்பது பக்கத்துக்குத் தம் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். முப்பது ஆண்டுகளாகத் தராசுகளோடு வாழ்கிறவர். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த கேள்வியை வாயாலும் கேட்டார்: "சாரே, வேகம் கூடினா நிறையும் கூடும்னு புத்தகத்துல போட்டிருக்கே, அதை எந்தத் தராசுல வச்சுப் பாத்தாங்க?"

நான் இயற்பியல் கற்பித்த ஆண்டுகளில் எந்த மாணவரும் இதை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், தேர்வுக்கு வராது என்று சொல்லி உட்கார வைத்திருப்பார்கள். என் பள்ளிப் பருவத்தில் எனக்கு அப்படித்தான் நடந்தது. கல்லூரி வாசலுக்கு வெளியிலிருந்து சார்பியலைச் சந்தேகிப்பவர்களின் எழுத்துகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒளியின் வேகமோ வளைந்த வெளியோ அன்று. நிறை, எடை என்ற இரண்டு சின்னச் சொற்கள்தாம். அந்தச் சொற்களைச் சரியாக விளக்காமல் மேலே கட்டிடம் எழுப்பியது பாடம் சொன்னவர்களின் குறை என்பதால், அவருக்குச் சொன்ன விடையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். நிறுத்தல் என்றால் தராசில் வைத்து அளப்பது. நிறைகோல் என்றால் தராசு. ஆகவே நிறை என்ற சொல்லுக்கு மரபில் எடை என்றே பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதே சொல்லை எடுத்து, பொருளோடு எப்போதும் மாறாமல் இருக்கும் அளவுக்குப் பெயராக்கி, புவி அதை இழுக்கும் விசைக்கு எடை என்று பெயர் வைத்தன. கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களைத் திறந்தால் முதலாவதற்குத் திணிவு என்றும், இரண்டாவதற்கு நிறை என்றும் இருக்கும். அதாவது இங்கே மாறாத அளவைக் குறிக்கும் சொல், அங்கே மாறும் விசையைக் குறிக்கிறது. மேற்கே சில கிலோமீட்டர் போனால் மலையாளத்தில் எடைக்குத் தூக்கம் என்றும் பாரம் என்றும் சொல்கிறார்கள். விளவங்கோடு பக்கத்து மாணவன் வீட்டில் ஒரு சொல், கடையில் ஒரு சொல், பாடத்தில் ஒரு சொல் என்று மூன்றையும் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருகிறான். திணிவு என்ற சொல்லே நமக்கும் இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சொல்லில் இருந்த குழப்பம் தராசுக் கடைக்காரருக்குத் தொழிலில் இல்லை. மின்னணுத் தராசு எந்த ஊரில் செய்யப்பட்டிருந்தாலும், பயன்படுத்தும் ஊரில்தான் அதைக் கேலிப்ரேஷன் (தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிசெய்தல்) செய்ய வேண்டும் என்பது அவருக்கு அன்றாட அனுபவம். அந்தத் தராசுக்குள் இருக்கும் லோடு செல் என்பது, சுமை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிற ஓர் உலோகக் கட்டி. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிகளின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் தராசு கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. எனவே அது அளப்பது விசையை, அதாவது எடையை. புவி துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நிலநடுக்கோட்டில் சற்றுப் பருத்தும் இருப்பதாலும், சுழல்வதாலும், ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் நொடிதோறும் கூடும் அளவு, எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. துருவத்தில் அது நொடிக்கு நொடி 9.832 மீட்டர், நிலநடுக்கோட்டில் 9.780, 8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கும் கன்னியாகுமரியில் சுமார் 9.781, லண்டனில் சுமார் 9.812. லண்டனில் சரிபார்த்த ஒரு மின்னணுத் தராசை மாற்றம் எதுவும் செய்யாமல் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து 50 கிலோ அரிசி மூட்டையை வைத்தால், 150 கிராமுக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும். தில்லியில் சரிபார்த்ததாக இருந்தால் குறைவு ஏறத்தாழ 50 கிராம். தோவாளையில் பூ நிறுக்கிறவர்களுக்கும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் நிறுக்கிறவர்களுக்கும் இது கணிதப் புதிரன்று, பணம்.

இரண்டு தட்டுகள் கொண்ட பழைய தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தட்டில் பொருள், மறு தட்டில் படிக்கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதால் முள் நடுவிலேயே நிற்கும். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 விண்கலத்தின் பிரக்யான் ஊர்தி 26 கிலோ. நிலவில் அதை வில்தராசில் தொங்கவிட்டால் 4.3 கிலோ அளவுக்குத்தான் முள் இறங்கும்; தட்டுத் தராசில் வைத்தால் அங்கும் 26 கிலோ படிக்கல்லே அதற்குச் சமம். வில்தராசு காட்டுவது எடை, தட்டுத் தராசு ஒப்பிடுவது நிறை. இதைச் சொன்னபோது அவர், இத்தனை ஆண்டுகளாக இரண்டு வேறு தொழில்களைச் செய்துவந்திருக்கிறேன் என்றார்.

புவியின் ஈர்ப்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதைப் பேசும்போது நம் கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கன்னியாகுமரியில் நின்று தெற்கே நோக்கினால் தெரியும் அந்தக் கடல்வெளியில், இலங்கைக்குத் தெற்கே, ஈர்ப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், கடல்மட்டம் புவியின் சீரான கணித வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. கடலில் ஈர்ப்பை அளந்த டச்சு ஆய்வாளர் வெனிங் மைனெஸ் 1948இல் அதைக் கண்டறிந்தார்.

நிறைக்கு இன்னொரு முகம் உண்டு. அதைக் காணத் தராசே வேண்டாம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மிதக்கும் ஒரு வள்ளத்தின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் அசையாமல் நிற்கும் வள்ளத்தைத் தள்ளி நகர்த்தத் தொடங்குவதற்கு ஓர் ஆள் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நகர்ந்து வருகிற வள்ளத்துக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் எந்த மீனவரும் கையை நீட்டமாட்டார். இயக்கத்தை மாற்றுவதற்கு ஒரு பொருள் காட்டும் இந்த எதிர்ப்புக்கு நிலைமம் என்று பெயர். ஈர்ப்பு பிடித்து இழுக்கும் நிறையும், தள்ளுதலை எதிர்க்கும் நிறையும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும் என்று தர்க்கத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. நியூட்டன் இதை உணர்ந்து, தங்கம், வெள்ளி, மரம், உப்பு, கோதுமை என்று வெவ்வேறு பொருள்களை ஊசல்களில் அடைத்து ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேறுபாடு தெரியவில்லை. ஹங்கேரியின் யோட்வாஷ், தொங்கும் மெல்லிய கம்பி முறுகுவதைக் கொண்டு அளக்கும் முறுக்குத் தராசால் மேலும் நுட்பமாக அளந்தார். 2016இல் ஏவப்பட்ட பிரான்சின் மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் டைட்டானிய உருளையையும் பிளாட்டின உருளையையும் சேர்ந்து விழச்செய்து ஒப்பிட்டது. 2022இல் வந்த இறுதி முடிவின்படி, ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு என்ற அளவுக்குக்கூட வேறுபாடு இல்லை. இந்தச் சமத்துவத்தைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் இயற்கையின் அடிப்படையாக எடுத்துக்கொண்டதுதான் ஐன்ஸ்டைன் 1907இல் எடுத்து வைத்த அடி. ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்பியல் முழுவதும் அதன் மேல் நிற்கிறது.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். வேகம் கூடினால் நிறை கூடும் என்ற வாக்கியத்தை யாரும் தராசில் வைத்துப் பார்த்து எழுதவில்லை. பறக்கும் எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் செலுத்தி, அதன் பாதை எவ்வளவு வளைகிறது என்று அளந்து எழுதினார்கள். ஜெர்மனியின் கவுஃப்மன் 1901 முதல் இந்தச் சோதனையைச் செய்தார். 1906 வாக்கில் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைனின் கணக்குக்கு எதிராகவே இருந்தன; 1908இல் புக்கரர் மேம்பட்ட முறையில் அளந்தபோது முடிவு ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தது. சார்பியலை முதலில் சந்தேகித்தவர்கள் சோதனைக்கூடத்தில் இருந்த இயற்பியலாளர்களே என்பதை இன்றைய சந்தேகக்காரர்கள் பலர் அறிவதில்லை.

இன்று அதே அளவீடு ஒரு பொறியியல் வேலையாக அன்றாடம் நடக்கிறது. இந்தூரில் உள்ள, துகள்களை மிக வேகமாகச் சுற்றவைக்கும் இண்டஸ்-2 முடுக்கி வளையத்தில் எலக்ட்ரான்கள் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுற்றுகின்றன. அந்த ஆற்றலில் ஓர் எலக்ட்ரானைப் பக்கவாட்டில் திருப்புவது, அதே வேகத்துக்கு நியூட்டன் கணக்கு சொல்வதைவிட ஏறத்தாழ 4,900 மடங்கு கடினம். நியூட்டனின் இயக்க ஆற்றல் கணக்கை மட்டும் நம்பி வளையத்தின் காந்தங்களை வடிவமைத்திருந்தால், இப்போது இருப்பதில் ஐம்பதில் ஒரு பங்கு காந்தப்புலம் போதும் என்று விடை வந்திருக்கும். அப்படிக் கட்டியிருந்தால் எலக்ட்ரான் முதல் வளைவிலேயே குழாய்ச் சுவரில் மோதியிருக்கும். காந்தங்கள் சார்பியல் கணக்கில் இருக்கின்றன, எலக்ட்ரான்களும் சுற்றுகின்றன.

அப்படியானால் நிறை கூடுகிறது என்ற வாக்கியம் சரிதானே என்று கேட்கலாம். இங்கேதான் நோட்டின் பதினோராம் பக்கத்தில் அவர் வைத்திருந்த எதிர்ப்புக்கு என் மதிப்பு உண்டு. ஒளியின் வேகத்தில் சுமார் 87 விழுக்காட்டில் செல்லும் ஒரு துகளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது இரண்டு மடங்கு நிறை உள்ளதுபோல் எதிர்க்கிறது. போகிற திசையிலேயே தள்ளினால் எட்டு மடங்கு நிறை உள்ளதுபோல் எதிர்க்கிறது. ஒரே துகளுக்கு ஒரே நேரத்தில் எப்படி இரண்டு நிறை இருக்க முடியும் என்று அவர் கேட்டிருந்தார். இருக்க முடியாது. கூடுவது நிறையன்று, வேகத்துக்கும், ஓடும் பொருளை நிறுத்த எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் காட்டும் உந்தத்துக்கும் இடையே உள்ள உறவு நியூட்டன் நினைத்ததைவிட வேறானது. ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க, வேகம் துளி கூடுவதற்குள் உந்தம் மலையாக ஏறுகிறது. அதைப் பழைய சூத்திரத்துக்குள் அடைக்க முயன்றபோது பிறந்த இடைக்காலச் சொல்தான் சார்பியல் நிறை. ஐன்ஸ்டைனே 1948இல் எழுதிய ஒரு கடிதத்தில், நகரும் பொருளுக்குத் தனி நிறை என்ற கருத்தைப் புகுத்துவது நல்லதன்று, தெளிவான பொருள் தர முடியாத சொல் அது என்று சொல்லியிருக்கிறார். இன்றைய துகள் இயற்பியலில் நிறை என்றால் வேகத்தால் மாறாத ஒரே அளவுதான். பழைய பாடப் புத்தகங்களின் அந்த வாக்கியத்தை மறுத்ததில் தராசுக் கடைக்காரர் சரி. அந்த வாக்கியம் விழுந்தால் சார்பியலே விழுந்துவிடும் என்று முடித்ததில் தவறினார்.

ஆனால் உண்மையிலேயே நிறுத்துப் பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. அவர் கேள்விக்கு நேரான விடை அதுதான். ஆற்றலை இழக்கும் பொருள் நிறையையும் இழக்கும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். இழந்த நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் வெளியேறிய ஆற்றல் கிடைக்க வேண்டும். சிலிக்கான், கந்தக அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானை விழுங்கும்போது காமா கதிரை உமிழ்கின்றன. சேர்வதற்கு முன்னும் பின்னும் உள்ள நிறை வேறுபாட்டை அமெரிக்காவில் ஒரு குழு அளந்தது: ஒற்றை அயனிகளைக் காந்தப்புலத்தில் சிறைவைத்து, அவை சுற்றும் அதிர்வெண்களை ஒப்பிட்டு நிறுத்தார்கள், தட்டுத் தராசின் தத்துவத்துக்கு மிக நெருங்கிய முறை இது. உமிழ்ந்த காமா கதிரின் ஆற்றலை வேறொரு குழு, பிரான்சின் கிரெனோபிளில் படிகங்களைக் கொண்டு தனியாக அளந்தது. 2005இல் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தபோது, ஒரு கோடியில் நான்கைந்து பங்கு என்ற அளவீட்டுப் பிழைக்குள் அவை பொருந்தின. ஒரு தராசு நிறையைச் சொன்னது, இன்னொரு கருவி ஆற்றலைச் சொன்னது; இரண்டுக்கும் நடுவே ஒளியின் வேகம் மட்டுமே இருந்தது.

இதே கணக்கை நம் பக்கத்து ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம். கூடங்குளத்தின் ஓர் அணு உலை முழுத் திறனில் 3,000 மெகாவாட் வெப்பத்தைத் தருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஒரு நாள் முழுவதும் வெளியேறும் அந்த வெப்பத்தின் நிறை 2.9 கிராம், பிச்சிப்பூச் சரத்தில் ஒரு சிறு துண்டின் அளவு. சூரியனோ ஒவ்வொரு நொடியும் 40 இலட்சம் டன்னுக்கு மேல் நிறையை ஒளியாக இழக்கிறது. 7,000 டன் எடையுள்ள வள்ளுவர் சிலையைப்போல ஏறத்தாழ 600 சிலைகள், நொடிதோறும்.

இன்னும் உள்ளே போனால், நிறை என்பது பொருளின் அளவு என்று ஆறாம் வகுப்பில் எழுதவைத்த வரையறையே ஆட்டம் காண்கிறது. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் வருகிறது. மற்றதெல்லாம் உள்ளே சிறைப்பட்டிருக்கும் ஆற்றல். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ முழுவதும் இப்படிக் கட்டுண்ட ஆற்றலே. எனக்கு இந்த உண்மை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் புதிதாகவே இருக்கிறது.

சந்தேகிப்பவர்கள் அடுத்துக் கைவைப்பது ஜிபிஎஸ். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் அதை நம்பித்தான் வீடு திரும்புகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்தும், வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்தும், மொத்தத்தில் 38 மைக்ரோ நொடி முந்தும் என்பது சார்பியல் கணக்கு. இதைத் திருத்தாவிட்டால் இருப்பிடம் நாளுக்கு 11 கிலோமீட்டர் தவறும் என்று அறிவியல் ஆர்வலர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களும் ஒரே அளவு முந்தினால், அந்தப் பொதுப் பிழையின் பெரும்பகுதியைப் படகில் உள்ள கருவி தன் கடிகாரத் திருத்தத்தோடு சேர்த்துக் கழித்துவிடும். இதைச் சுட்டிக்காட்டும் சந்தேகக்காரர் சொல்வது நியாயம். நம் தரப்பு மிகைப்படுத்துவதால் அவருடைய மற்ற பிழைகளுக்கும் வலு சேர்கிறது.

மிகையில்லாத சான்று 1977இல் கிடைத்தது. ஜிபிஎஸ்ஸுக்கு முன்னோடியாக ஏவப்பட்ட என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் சீசியம் அணுக் கடிகாரம் இருந்தது. சார்பியல் திருத்தம் தேவையா என்று திட்டத்தில் இருந்த சிலருக்கே ஐயம் இருந்ததால், திருத்தும் கருவியை அணைத்தே வைத்து 20 நாள்கள் போல அந்தக் கடிகாரத்தைத் தரைக் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். இலட்சம் கோடியில் 446.5 பங்கு முந்தும் என்று சார்பியல் சொன்னது, முந்தியது 442.5 பங்கு. நியூட்டனின் கணக்குப்படி வர வேண்டிய விடை சுழி. 2010இல் அமெரிக்காவில் ஓர் அலுமினிய அயனிக் கடிகாரத்தை ஏறத்தாழ ஓர் அடி மட்டும் உயர்த்திவைத்து, அது வேகமாக ஓடுவதையும் அளந்துவிட்டார்கள். அதே கணக்கில், வள்ளுவர் சிலையின் பீடத்தடியில் ஒரு கடிகாரத்தையும் 133 அடி உச்சியில் ஒன்றையும் வைத்தால், நூறு ஆண்டுகளில் மேலே உள்ளது 14 மைக்ரோ நொடி முந்தியிருக்கும்.

சந்தேகம் படிக்காதவர்களின் நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹெர்பர்ட் டிங்கிள் 1951 முதல் 1953 வரை பிரிட்டனின் அரச வானியல் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். வாழ்வின் கடைசிக் காலம் முழுவதும் சார்பியல் கடிகாரங்களில் முரண்பாடு இருப்பதாக வாதாடினார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறு என்று மேடையில் அறிவித்தவர் தமிழ்நாட்டுக்காரர். மறுபக்கம், 2011இல் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக இத்தாலியின் ஓபரா ஆய்வுக்குழு அளந்தபோது, அதை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்து, பிழை எங்கே என்று தேடித் தரும்படி கேட்டார்கள். சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி அகப்பட்டது. இந்த மூன்றிலும் வேறுபாடு பட்டத்தில் இல்லை. ஓபரா குழுவிடம் பிறர் அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண் இருந்தது. 442.5 என்ற எண்ணை உன் கொள்கை எப்படித் தருகிறது என்று கேட்டால் விடை வேண்டும். தராசு காட்டுவது தவறு என்று வாயால் சொன்னால் போதாது, படிக்கல்லை வைத்துக் காட்ட வேண்டும் என்பது அந்தக் கடைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் கடைசியாக மல்லுக்கு நின்றது, விழும் பொருளுக்கு எடை இல்லை என்ற ஐன்ஸ்டைனின் கருத்தோடு. இழுக்கப்படுவதால்தானே விழுகிறது, பிறகு எப்படி எடை இல்லாமல் போகும் என்றார். நான் வாதாடவில்லை. அவருடைய செல்பேசியில் உள்ள முடுக்கமானியின் அளவுகளை வரைபடமாகக் காட்டும் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்து, மெத்தையின் மேல் தோள் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வரைபடத்தை அனுப்பினார். கையில் இருந்தவரை கோடு 9.8க்குப் பக்கத்தில் சீராக ஓடுகிறது. கைவிட்ட கணத்தில் செங்குத்தாகச் சரிந்து, ஏறத்தாழ அரை நொடி சுழியை ஒட்டிக் கிடக்கிறது. மெத்தையில் பட்டதும் வெட்டி எழுந்து, ஆடி அடங்கி, மறுபடி 9.8க்கு வருகிறது.

கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். விழும்போது கருவியை எதுவும் அழுத்தவில்லை, சும்மா கிடக்கும்போதுதான் மெத்தை அதைக் கீழிருந்து தள்ளுகிறது. அப்படியானால் முப்பது வருடமாக என் லோடு செல்கள் அளந்தது புவி இழுத்ததையா, கடைத் தரை தள்ளியதையா என்று கேட்டிருந்தார். தரை தள்ளியதைத்தான் என்று பதில் எழுதினேன்.